கொழும்பு போய் வந்த தீப்பெட்டி

அத்தியாயம் 4

பெட்டியைத் திறந்ததும் ரெஜிலாவின் கையில் முதலில் சிக்கியது ஒரு தீப்பெட்டி.

கடியப்பட்டணத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, சிலுவைதாசன் வீட்டு முன்னறையில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஊதா நிறச் சக்கரப் பெட்டி. அதற்கு அந்தப் பக்கம் அவர் மனைவி சகாயசெல்வி. இரண்டு வாரமாக மகளைக் காணாத தாய். அழுது முடித்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் முகம்.

மகள் பிரிஜா. வயது இருபது. நாகர்கோவிலில் கல்லூரி மூன்றாம் வருடம். பிறந்தநாள் பரிசாக அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள் இரண்டு தோழிகள், சிந்தியாவும் சஜ்னாவும். வியாழக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் திரும்பினார்கள். பிரிஜா வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் புறக்கோட்டைச் சந்தைக் கூட்டத்தில் "இப்ப வாறேன்" என்று போனவள் திரும்பவே இல்லையாம். பிரிஜாவின் பெட்டியை மட்டும் இந்த வீட்டு வாசலில் சிந்தியா இறக்கிவிட்டுப் போனாள்.

போலீஸ் மனு வாங்கிக்கொண்டது. தூதரகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னது. மாப்பிள்ளைகளின் பூர்வீகம் விசாரித்துச் சொல்வதில் பெயரெடுத்திருந்த ரெஜிலாவைத் தேடி, சகாயசெல்வி நேற்று நாகர்கோவிலுக்கே வந்துவிட்டாள்.

"பெட்டியை நீங்க திறக்கவே இல்லியா?" என்றாள் ரெஜிலா.

"மனசு வரல மக்கா. அவ வந்து திறக்கட்டும்னு வச்சிருந்தேன்."

"இந்தத் தீப்பெட்டி?"

"நான்தான் வச்சேன். கொழும்புல கொச்சிக்கடை அந்தோணியாருக்கு நேர்ச்சை உண்டு. மெழுகுதிரியும் வச்சு விட்டேன். அங்க போய் தீக்கு யாருகிட்டப் போய் நிப்பா பிள்ளைன்னு..."

துணிகளுக்கு நடுவே மெழுகுதிரியும் இருந்தது. ஒரு முழ நீளம். இடுப்பில் நீல ரிப்பன். மேலே இருந்த சுடிதார்கள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தன.

வாசல்படியில் சாய்ந்து நின்ற சுயம்புராஜ் தொண்டையைச் செருமினார். ரெஜிலாவின் உதவியாளர். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் களியக்காவிளை ரோட்டில் வேன் ஓட்டியவர். வேனை விற்று ஆறு வருடமாகிறது. வாய் மட்டும் இன்னும் டாப் கியரிலேயே ஓடுகிறது.

"மேடம், எனக்க மச்சான் துபாய் போனப்ப பெட்டிக்குள்ள ஒரே ஒரு லைட்டர் கிடந்து. திருவனந்தபுரத்துல அவனக் கூப்பிட்டு, பெட்டியத் திறக்கவச்சு, ஜட்டி வரைக்கும் உதறிப் பாத்தானுவ. இந்தத் தீப்பெட்டி போக ஒரு தடவை, வர ஒரு தடவை, ரெண்டு நாட்டுக்காரனையும் ஏமாத்தியிருக்கு. இதுக்குப் பேசாம நம்ம ஆபீஸ்ல வேலை போட்டுக் குடுப்போம். நான் ஒதுங்கிக்கிடுதேன்."

ரெஜிலா சிரிக்கவில்லை. தீப்பெட்டியைக் காதருகே ஆட்டினாள். நிறையக் குச்சிகள். ஒன்றுகூடச் செலவாகவில்லை.

"இந்தப் பெட்டி பிளேன் ஏறல அண்ணாச்சி," என்றாள் மெதுவாக.

"அப்ப பிள்ளை?"

"அவ ஏறினாளா இல்லியான்னு இனிதான் பாக்கணும்."

சகாயசெல்விக்கு அது விளங்கவில்லை. "என்னத்தப் பறையிய? கொழும்புல இருந்து போட்டோ அனுப்பினாளே!" போனை எடுத்து நீட்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்த படம். ஒரு தட்டில் சோறும் மீன்கறியும். பக்கத்தில் கண்ணாடி டம்ளர். பின்னால் ஜன்னல். கீழே ஒரு வரி: 'அம்மா, கொழும்பு கொள்ளாம். நல்லா இருக்கேன்.' ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிரிஜாவின் போன் அணைந்தே கிடந்தது.

ரெஜிலா அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். "பிரிஜாவுக்க அப்பா எங்க?"

"செவ்வாக்கிழமை விடியுமுன்ன கடலுக்குப் போனாரு. தங்கலுக்குப் போனா கடல்லயே ரெண்டு மூணு நாளு ஆகும். வீட்டுல இருக்க முடியல அவருக்கு."

மெழுகுதிரியைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரெஜிலா எழுந்தாள்.

---

கல்லூரி கேன்டீனில் மூலை மேஜை. சிந்தியா பப்ஸைச் சாஸில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூடக் கண்கலங்காமல் கதை முழுவதையும் சொன்னாள். பக்கத்தில் குளச்சல்காரி சஜ்னா. அவள் முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

"போலீஸ்கிட்டயும் இதான் சொன்னோம் அக்கா. அவ கூட்டத்துல மாறிப்போயிட்டா. நாங்க எவ்வளவு தேடினோம் தெரியுமா?"

"தெரியல. அதான் கேக்க வந்தேன். கொச்சிக்கடை அந்தோணியார் கோவிலுக்குப் போனீங்களா?"

"போனோமே. சனிக்கிழமை காலைல. பிரிஜா மெழுகுதிரி கொளுத்தி வச்சுட்டு ஒரே அழுகை."

"அங்க வாங்கின மெழுகுதிரியா?"

"இல்ல, அவங்க அம்மா குடுத்துவிட்டது. நீளமா, நீல ரிப்பன் கட்டி. வரும்போதே அதப் பத்தித்தான் பேச்சு அவளுக்கு."

ரெஜிலா கைப்பையைத் திறந்து மெழுகுதிரியை மேஜைமேல் வைத்தாள். நீல ரிப்பன். திரி பால்போல வெள்ளையாக இருந்தது.

சிந்தியாவின் கையிலிருந்த பப்ஸ் வாய்க்குப் போகாமல் நின்றது.

"அந்தோணியாரு தொலஞ்ச பொருளத் திருப்பிக் குடுப்பாருன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் சுயம்புராஜ். "எரிஞ்ச மெழுகுதிரிய வளத்துக் குடுத்தது இதான் முதத் தடவை."

"அது... வேற மெழுகுதிரியா இருக்கும்."

"இருக்கலாம். சஜ்னா, நீ சொல்லு. விமானத்துல எத்தனை பேரு ஏறினீங்க?"

சஜ்னா தலையைக் குனிந்துகொண்டாள். சிந்தியா மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்த சத்தம் ரெஜிலாவுக்குக் கேட்டது.

அந்த நேரத்தில் ரெஜிலாவின் போன் அடித்தது. சகாயசெல்வி. ரெஜிலா யோசித்தாள். ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"மக்கா, அவரு மீன் பிடிக்கப் போகல!" குரல் உடைந்து வந்தது. "பக்கத்து வள்ளக்காரன் ஆன்ட்ரூஸ் இப்பத்தான் வந்து சொன்னான். வலை எல்லாம் கரையிலேயே கிடக்கு. வள்ளத்துல எட்டு கேன் மண்ணெண்ணெயும் குடிவெள்ளமும் ஏத்திட்டுப் போயிருக்காரு. பிரிஜாவுக்க போட்டோவ பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கழுத்துல கெட்டியிருந்தாராம். எங்க போறீருன்னு இவன் கேட்டதுக்கு, கொழும்புக்குன்னு சொன்னாராம். இவன் விளையாட்டுன்னு நினைச்சிருக்கான். பாஸ்போர்ட் கிடையாது மக்கா அந்த மனுசனுக்கு. அந்த வள்ளத்துல வேற யாரும் கிடையாது..."

ரெஜிலா போன் பக்கம் குனிந்தாள். எதிரே இருந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுதேன். நீங்க போன கையிலேயே வச்சிருங்க."

சஜ்னா உடைந்தாள். ரெஜிலா தன் போனில் குரல் பதிவைத் தொடங்கினாள்.

"ரெண்டு பேருதான் அக்கா. நானும் சிந்தியாவும் மட்டும்தான் போனோம். அவளுக்கு டிக்கெட்டே எடுக்கல."

"ஏட்டி, வாய மூடு!"

"நீ மூடு! அல்லாவே, அவ வாப்பா கடல்ல நிக்காரு, நீ பப்ஸ் தின்னுட்டு இருக்க!" சஜ்னா மூச்சு வாங்கினாள். "டிக்கெட் எல்லாம் எங்க கையிலதான் இருக்குன்னு அவகிட்ட சொல்லியிருந்தோம். திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசல்ல வச்சு ஒரு கவர் குடுத்தோம். கொண்டு போய் வாசல்ல நிக்கிற ஆளுகிட்டக் காட்டுன்னு சொன்னோம். டிக்கெட் மாதிரியே அச்சடிச்ச தாளு அது. பேரு இருக்க வேண்டிய எடத்துல... ஒரு சாளை மீன் படம்."

சுயம்புராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"அவ பிரிச்சுப் பாக்கவே இல்ல. அப்படியே நீட்டினா. அந்த ஆளு பாத்துச் சிரிச்சான். பக்கத்துல உள்ளவனுக்கும் காட்டினான். கிளாஸ்ல எப்பவும் சொல்லுவோம், மீன்வாடை வருதுன்னு. சும்மா கேலிக்கு. அவளும் சிரிச்சுக்கிடுவா. அன்னைக்கு அவ சிரிக்கல. பெட்டியப் போட்டுட்டு ஓடிட்டா. சிந்தியா வீடியோ எடுத்தா."

"பெட்டி?"

"ஷைஜு எடுத்துக் கார்ல போட்டான். சிந்தியாவுக்க சித்தப்பா மகன். அவன்தான் வண்டி ஓட்டினான். திரும்பி வந்தப்ப என்னக் கூட்டிட்டுப் போக வாப்பா வந்திருந்தாரு. சிந்தியா ஷைஜுகூட வந்தா. அதுக்கப்புறம்தான், பிரிஜா கொழும்புல தொலஞ்சதா சொல்லணும்னு போன்ல சொன்னா. இல்லன்னா ரெண்டு பேரையும் காலேஜ்ல இருந்து எடுத்திருவாங்கன்னு..."

ரெஜிலா சிந்தியாவின் பக்கம் திரும்பினாள். "இப்ப அவ எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?" சிந்தியா டிஷ்யூவால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "ஒரு கேலி தாங்க முடியாம ஓடினது அவ. அவ அப்பாவக் கடலுக்குப் போகச் சொன்னது நானா? அதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல."

---

கார் பார்வதிபுரம் மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் ரெஜிலா மூன்று பேரிடம் பேசி முடித்தாள். கடலோரக் காவல்படைக்குத் தகவல் போனது. மனு வாங்கிய இன்ஸ்பெக்டருக்குச் சஜ்னாவின் குரல் போனது. கல்லூரி முதல்வருக்கும் ஒரு பிரதி போனது.

"அண்ணாச்சி, ஓரமா நிறுத்துங்க. இந்தப் படத்தப் பாருங்க."

சுயம்புராஜ் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். "சோறு. மீன்கறி. பிள்ளைக்குப் பசி. வேற என்ன?"

"டம்ளர்ல என்ன இருக்கு?"

"வெள்ளம்."

"என்ன நெறம்?"

அவர் படத்தைப் பெரிதாக்கினார். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. "பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சின வெள்ளம் மேடம். மலையாளத்தான் கடையில சோத்துக்கு முன்னால இதத்தான் கொண்டு வைப்பான். சூடா வேற இருக்கும்."

"அப்ப அவ கேரளாவுக்குள்ள இருக்கா. கேரளா பெருசு. ஜன்னலுக்கு வெளிய பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒரு கயிற்றில் வரிசையாகக் கலர் காகிதங்கள் தொங்கின. அதற்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு பச்சைப் பேருந்து.

"லாட்டரிச் சீட்டு," என்றார் சுயம்புராஜ். அப்புறம் அவர் குரல் மாறியது. "பஸ் நம்ம கவர்மெண்ட் பஸ்ஸு. தமிழ்நாட்டுப் பஸ் நிக்கும், கேரளா லாட்டரி தொங்கும். ரெண்டும் ஒரே ஜன்னல்ல தெரியணும்னா களியக்காவிளை தாண்டின உடனே உள்ள கடைதான். நம்ம ஆளுவ பஸ்ஸ விட்டு எறங்கி, நடந்து போய், சீட்டு வாங்கிட்டு, அங்கேயே சோறும் தின்னுட்டு வருவானுவ. மேடம், அந்த மீன்கறிய நானே நூறு தடவை தின்னிருக்கேன். தங்கபாய் கடை!"

"நூறு தடவை தின்னவருக்கு இவ்வளவு நேரமா?"

"தின்னும்போது நான் தட்டத்தான பாப்பேன். ஜன்னல யாரு பாத்தா?"

கார் மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்தபோது வழக்கத்துக்கு மாறாக அவர் யாரையும் திட்டவில்லை. குழித்துறைப் பாலம் கடந்ததும் ஒருமுறை கேட்டார்: "வள்ளத்துல கொழும்பு போக எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?"

"கடல் நல்லா இருந்தா ஒன்றரை நாளு."

அவர் கியரை மாற்றி வேகமெடுத்தார்.

---

தங்கபாய் கடையின் அடுக்களையில் பிரிஜா மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ரெஜிலா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கத்தியை வைத்தாள். ஓடவில்லை. என்றாவது யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தவள் போலிருந்தாள்.

"வீட்டுல சண்டை, கொஞ்ச நாளு நிக்கட்டுமான்னு கேட்டா," என்றாள் தங்கபாய் கலவரத்துடன். "மாடியில ரூம் சும்மாத்தான் கிடந்து. நல்ல பிள்ளைன்னு நினைச்சேன். வல்லதும் போலீஸ் கேஸா?"

ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார்கள். பிரிஜாவின் விரல்களில் மரச்சீனிப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அன்னைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாமே?"

"எப்படிப் போவேன்? அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருந்தா, எனக்க மக கொழும்புக்குப் போறான்னு. பூசை முடிஞ்சு கோவில் அச்சன்கிட்டயும் சொன்னா. நாலு நாளு எங்கயாவது நின்னுட்டு, அவளுவ திரும்பி வரும்போது கூடவே வீட்டுக்குப் போயிரலாம்னு நினைச்சேன். அதான் போட்டோ அனுப்பினேன்."

"அப்புறம்?"

"ஞாயிற்றுக்கிழமை சிந்தியாவுக்கு மெசேஜ் போட்டேன். களியக்காவிளையில நிக்கேன், வண்டியில ஏத்திக்கோ, நானும் கொழும்பு வந்தேன்னு வீட்டுல சொல்லு, அது போதும்னு. கெஞ்சினேன் அக்கா." அவள் கைவிரலில் இருந்த பாலை நகத்தால் சுரண்டினாள். "வண்டி வந்து. நான் ரோட்டோரம் நின்னேன். ஷைஜு ஸ்லோ பண்ணினான். அவ கண்ணாடிய எறக்கி, என்ன வீடியோ எடுத்தா. கண்ணாடிய ஏத்திட்டுப் போயிட்டா. பின்சீட்டுல எனக்க பெட்டி இருந்து. நான் பாத்தேன்."

சுயம்புராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்ப அவளுக்குத் தெரியும்! கேன்டீன்ல உக்காந்து, இவ அம்மா போன்ல அழுதது முழுக்கக் காதால கேட்டுட்டு... இவ இங்க நிக்கான்னு தெரிஞ்சே சவம் வாயத் திறக்கல மேடம்!"

"உக்காருங்க அண்ணாச்சி." ரெஜிலாவின் பார்வை பிரிஜாவைவிட்டு நகரவில்லை. "பேப்பர் பாத்தியா நீ?"

"பாத்தேன். கொழும்பில் மாணவி மாயம்னு போட்டிருந்து." முதல் முறையாகப் பிரிஜாவின் முகத்தில் ஏதோ மின்னியது. "சந்தோசமா இருந்து அக்கா. அவளுவளே சொன்ன பொய்யி. அவளுவ கழுத்தையே இறுக்கட்டும். நான் வெளிய வராத வரைக்கும் போலீஸ் அவளுவள விடாது. ஒரு மாசம். ரெண்டு மாசம். அவளுவ என் கால்ல வந்து விழட்டும்."

"அம்மா?"

"அழுவா. தெரியும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அவளும்தான என்ன அவளுவகூட ஒட்டிக்கோ, பெரிய எடத்துப் பிள்ளைகள்னு சொன்னா. கொஞ்ச நாளு அழட்டும்."

"அப்பா?"

"அவரு கடலுக்குப் போயிருவாரு. கடலுக்குப் போனா அவருக்கு ஒண்ணும் ஓர்மை இருக்காது."

ரெஜிலா மெதுவாகத் தலையாட்டினாள். இந்தப் பெண்ணுக்காக நெஞ்சில் சேர்த்து வைத்திருந்த இரக்கத்தில் பாதி இப்போது வற்றிப் போயிருந்தது. சொல்ல வந்ததை இனி மென்மையாகச் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"கடலுக்குத்தான் போயிருக்காரு. வலை எடுக்கல. எட்டு கேன் மண்ணெண்ணெய் எடுத்துட்டு, உன் போட்டோவக் கழுத்துல கெட்டிக்கிட்டு, தனியா. செவ்வாக்கிழமை விடியுமுன்ன. உன்னத் தேடிக் கொழும்புக்கு."

பிரிஜா சிரிக்கப் பார்த்தாள். "அவருக்குப் பாஸ்போர்ட் கிடையாதே."

"கிடையாது."

"எங்க வள்ளத்துலயா? அது கரைக்கடல் வள்ளம் அக்கா. அந்த எஞ்சின் பாதி வழியில..." எஞ்சினைப் பற்றி மற்ற யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

ரெஜிலாவின் போன் அடித்தது. சகாயசெல்வி.

"மக்கா! உசிரோட இருக்காரு! இலங்கை நேவிக்காரன் நடுக்கடல்ல பிடிச்சு, கொழும்புக்குக் கொண்டு போயிட்டானாம். எல்லை தாண்டி வந்துட்டாருன்னு கேசாம். எத்தனை மாசம் உள்ள வைப்பானுவன்னு தெரியாது. அங்க உள்ள ஒரு தமிழ் ஆபீசர் பேச விட்டிருக்காரு, இவரு லைன்லதான் நிக்காரு. பிள்ளை கிடைச்சாளான்னு கேக்குதாரு, நான் என்னத்தச் சொல்ல?"

"கிடைச்சாச்சு. பக்கத்துலதான் இருக்கா. லைன சேத்து விடுங்க."

மறுமுனையில் ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது. ரெஜிலா போனைப் பிரிஜாவின் கையில் வைத்தாள். பிரிஜா அதை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள். அறை அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மக்கா... பிரிஜா?"

"அப்பா."

"உனக்கு வல்லதும் ஆச்சா? அடி கிடி பட்டுதா?"

"இல்லப்பா."

"சாப்பிட்டியா?"

"ம்."

"போதும். அது போதும்." மூச்சு வாங்கும் சத்தம். பக்கத்தில் யாரோ சிங்களத்தில் அதட்டினார்கள். "பயப்படாத மக்கா. அப்பா வந்தாச்சு. கொழும்புலதான் நிக்கேன். இவனுவ கையில விலங்கு போட்டிருக்கானுவ, அது கிடக்கட்டும். இங்க உள்ள சாரு நல்லவரு, தமிழ் பேசுதாரு. ஆள விட்டு உன்னக் கூட்டிட்டு வரச் சொல்லுதேன்னு வாக்குக் குடுத்திருக்காரு. நீ எந்தப் பக்கம் நிக்கேன்னு மட்டும் சொல்லு."

பிரிஜா ஜன்னலுக்கு வெளியே தொங்கிய லாட்டரிச் சீட்டுகளைப் பார்த்தாள்.

"மக்கா? கேக்குதா? எடம் பேரு தெரியலன்னா பக்கத்துல உள்ளவங்ககிட்ட போனக் குடு. நான் கேட்டுக்கிடுதேன்."

அவள் போனை ரெஜிலாவிடம் நீட்டினாள். கண் கெஞ்சியது.

ரெஜிலா வாங்கவில்லை.

"நீயே சொல்லு," என்றாள்.